பெரியம்மாவின் பக்கம்

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கல்யாணம் கிடையாது, சொந்தமென்று ஒரு செம்புகூடக் கிடையாது. சேருகிற நாளிலேயே பெற்றவர்கள் வைத்த பெயரையும் பிறந்த ஊரையும் விட்டுவிட வேண்டும். அவர்கள் விட்டதையெல்லாம் தேடிப் பொறுக்குவதுதான் என் ஆராய்ச்சி. ஆளுக்கு நோட்டில் ஒரு பக்கம்: பெயர், அப்பா பெயர், ஊர், சாதி. அந்தக் கடைசிக் கட்டத்தையும் நானேதான் கோடு போட்டு வைத்தேன். படித்த புத்தி.

மற்றவர்கள் ஏதேதோ சொல்லி மழுப்பினார்கள். சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவர். பூசை நாட்களில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது அவர் கைச் சோற்றைத்தான். அவர் எங்கே பிறந்தவர் என்று அவர்களுக்குத் தெரியாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். அங்கங்கே காலனிக் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்துகொண்டிருந்தது. நான் நோட்டோடு கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம் கிடந்தது. கம்போடு பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸில் ஏறினார்கள்.

"எல்லாம் எறங்குங்க. பையில இன்னா வச்சிக்கினு கீறீங்க?"

இவர்களில் ஒருவனுக்கு அந்த மடத்தைத் தெரிந்திருந்தால் போதும், பெரியம்மாவின் கதி என்ன ஆகும்? முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்து அவருடைய பக்கத்தைக் கிழித்து, நாலு துண்டாக்கி, வாயில் போட்டு மென்றேன். மை கசந்தது. தொண்டையில் சிக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒருவன் நோட்டை வாங்கிப் புரட்டினான். "சாமியாருங்க கதையா? எதுக்கும்மா அழுவுற? உன்ன ஒண்ணும் பண்ண மாட்டோம், போ." நான் மரத்தைத் தாண்டும்வரை என் பையைக்கூட அவனே பிடித்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி மடத்துக்குப் போக முடிந்தது. அவரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் போனேன். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னப் பத்தி எழுதிட்டியாம்மா? எங்கப்பன் பேரு, எங்க ஊரு, எல்லாம் போட்டியா? இத்தினி வருசத்துல நீ ஒருத்திதான் கேட்ட. அது புக்குல வரணும். தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது, எனக்கு இன்னா பயம்?"

திரும்பக் கேட்டு எழுதியிருக்கலாம். நோட்டும் பேனாவும் கையில்தான் இருந்தன. என் பயம் என்னை விடவில்லை.

"எழுதிட்டேங்க பெரியம்மா" என்றேன்.