கதை சொல்கிறவர்களும் அஜ்மத் பேகத்தின் மரமும்

"மரம் வேணுமா, கதை வேணுமா? மொதல்ல அத்தச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த தொட்டிக்கு நகர்கிறார் அஜ்மத் பேகம். கையில் ரப்பர் குழாய். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால் அவருடைய நர்சரி. டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி அங்கே ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கும்.

ஐம்பத்திரண்டு வயது. சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, நகக்கண்ணில் எப்போதும் செம்மண். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வருகிறவர்களால் அவருக்குத் தொல்லை இல்லை. எடுத்தோம், போனோம் என்றிருப்பார்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள். அந்த மரம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு பேகத்துக்கு அத்தனையும் மனப்பாடம்.

குளிர்காலம் முழுக்க இங்கேயே அறை எடுத்துத் தங்கும் ஜெர்மன் பெரியவரின் கதையில், ஜனங்கள் கும்பிட்டுவந்த ஓக் மரத்தை ஒரு பாதிரியார் வெட்டிச் சாய்க்கிறார். அந்த வேரடியிலிருந்து சின்னதாக ஓர் ஊசியிலை மரம் எழுகிறது. மறுநாள் வேறொருவர் வந்து, அதெல்லாம் இல்லை, ஆதாம் ஏவாள் நாடகத்துக்காக மேடையில் ஆப்பிள் கட்டித் தொங்கவிட்ட மரம்தான் அது என்பார். "ஆதம், ஹவ்வா கதை எங்க ஊட்லயும் சொல்லுவாங்க. அதுக்காக மரத்த யாரும் ஊட்டுக்குள்ள தூக்கினு வரலியே" என்பது பேகத்தின் எரிச்சல். இவ்வளவும் பேசிவிட்டு, இது அசல் மரம் இல்லை, வேறு சாதி என்று உதட்டைப் பிதுக்குவார்கள். "அசல் ஒங்க ஊரு பனியில வளரும். இந்த வெயிலுக்கு இதான் வளரும். புடிச்சா எடுங்க."

இந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்த மறுவாரம், பக்கத்து விருந்தினர் விடுதியின் மேலாளர் சுரேஷ்குமார் இரண்டு விருந்தினர்களோடு வந்தான். லாட்வியாவிலிருந்து ஓர் அம்மாள், எஸ்டோனியாவிலிருந்து ஒருவர். பண்ணையிலேயே உயரமான மரத்தின் முன் போய் நின்றார்கள். எட்டு வருடத்துக்கு முன் சாண் உயரக் கன்றாக ஓசூரிலிருந்து வந்தது. புயல் மழையில் பந்தல் சரிந்தபோது பேகம் நனைந்துகொண்டே கம்பு கட்டி நிமிர்த்திய மரம். இப்போது பெரிய ட்ரம்மில் எட்டடி உயரம். அதைக் கொடுப்பதென்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குள் இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் மரத்தை நட்டது எங்கள் ஊர்ச் சந்தை வெளியில்தான் என்றார் அம்மாள். அதற்கு எழுபது வருடம் முன்பே எங்கள் ஊரில் நட்டாயிற்று என்றார் மற்றவர். கால் மணி நேரம் ஓடியது.

"நட்டு என்னதான் செஞ்சாங்களாம்?" என்றார் பேகம்.

"வியாபாரிங்கல்லாம் சுத்தி நின்னு ஆடினாங்களாம்க்கா. அப்புறம் கொளுத்திட்டாங்களாம்" என்று சுரேஷ்குமார் தமிழில் சொன்னான்.

"கொளுத்தினதுக்கா இம்மாஞ் சண்ட? நாமளுந்தான் வருசா வருசம் சொக்கப்பனை கொளுத்தறோம். எந்த ஊரு மொதல்லனு யாருனா என் தலைய தின்னாங்களா?"

சுரேஷ்குமார் சிரித்தான். பிறகு மெல்ல, "அக்கா, ஹால் மாடில இருக்கு. ட்ரம்மோட ஏத்த முடியாது. அடியில வெட்டிக் குடுத்துடுங்க. அவங்க ஊர்ல வெட்டித்தான் வெப்பாங்களாம்" என்றான்.

பேகம் குழாயை மூடினார்.

"பத்து நாளு பாக்கறதுக்கு எட்டு வருசத்த வெட்டணுமா? போ தம்பி. மரமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப பிளாஸ்டிக்தான் வாங்கணும். சின்னச் செடி இருபது கேட்டேனே, அதுவும் வேணாம்."

"வாங்கிக்கோ. பிளாஸ்டிக்குக்கு வலிக்காது."

அந்தப் பருவத்தின் பெரிய விற்பனை அப்படிக் கைவிட்டுப் போனது. மதியம் பேகம், அவனுக்கென்று எடுத்துவைத்த இருபது சின்னத் தொட்டிகளையும் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அந்த இரண்டு பேரும் தாங்களாகவே நடந்து வந்தார்கள். அம்மாள் ட்ரம்மைத் தொட்டுக் காட்டி, வேரோடு வேண்டும் என்று சைகை செய்தார். கீழ்த்தள வரவேற்பறையில் வைத்துவிட்டு, ஜனவரி ஆறாம் தேதி திருப்பிக் கொண்டுவருவதாக மற்றவர் விரல்விட்டுச் சொன்னார். அந்த இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

மினி லாரியில் மரம் போனபோது பேகமும் பின்னால் ஏறி, தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுதியில் இறக்கி வைத்ததும் சுரேஷ்குமார் பித்தளை நட்சத்திரம் ஒன்றோடு நாற்காலியில் ஏறினான்.

"யோவ், நில்லு! குருத்து ஒடிஞ்சா அப்புறம் மேல வளராது. மொட்டையா நிக்கும்!"

நட்சத்திரம் ஏன் உச்சியில்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் விளக்கத் தொடங்கினார். மற்றவர் அதை மறுத்தார். பேகம் இருவரையும் பார்க்கவேயில்லை. அவனை இறக்கிவிட்டுத் தானே ஏறி, கூரையில் சும்மா கிடந்த மின்விசிறிக் கொக்கியில் சணல் கயிற்றைக் கோத்து, நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார். இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். திருப்தியில்லை. மறுபடியும் ஏறினார். குருத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஆட்காட்டி விரலை நுழைத்து, இரண்டிலும் படாமல் மெதுவாக வெளியே எடுத்தார்.