நான்கரை நட்சத்திரம்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு நட்சத்திரக்காரர் என்று பெயர். முப்பது வருடமாகப் படங்களுக்கு நட்சத்திரம் போடுகிறவர். எந்தப் புதுப்படம் வந்தாலும் ஏதாவதொரு பழைய கறுப்புவெள்ளைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார். குட்டை என்று அனுப்பிவிடுவார். அவரிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் எல்லாருமே செத்துப்போனவர்கள்.

அவருடைய மகள் வீடியோ கேம் செய்கிறவள். நான்கு வருடம் மாய்ந்து மாய்ந்து ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். யார் பாராட்டினாலும் அவளுக்குப் போதவில்லை. அப்பா வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அவரோ, "பொம்மை விளையாட்டையெல்லாம் படத்தோட சேர்த்துப் பேசாதே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

பத்திரிகை ஆசிரியர் விடவில்லை. "இனிமே கேமுக்கும் நீங்கதான் சார் எழுதணும். உங்க வீட்டிலேயே ஒண்ணு இருக்காமே, அதிலேயே ஆரம்பிங்க" என்றார். பெற்ற மகள் என்று அவர் சலுகை காட்டமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கணினித் திரைக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்தார். திரையில் மழை. ஒரு படிக்கட்டின் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். மூச்சு விட்டாள். அவ்வப்போது கூந்தலை ஒதுக்கினாள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் இமைகொட்டாமல் பார்த்தார். முடிவில் மனுஷருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'பழைய மேதைகளுக்கும் வாய்க்காத பொறுமை' என்று எழுதி, நான்கரை நட்சத்திரம் போட்டார்.

அச்சில் வந்ததை மகள் இரண்டு முறை படித்தாள்.

"அவ படியேறினதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேப்பா?"

"எங்கே ஏறினா? ஏறாம நின்னதுதானே அழகு."

"நீங்க பட்டனை அழுத்தினாத்தான் ஏறுவா. என்னோட நாலு வருஷமும் அந்தப் படிக்கு மேலதான் இருக்கு."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். அந்தப் பெண் நான்காவது படியில் வழுக்கி விழுந்தாள். மறுபடியும் ஏறி, மறுபடியும் விழுந்தாள். பதினோராவது தடவை சுவரில் மோதிக்கொண்டு விழுந்தாள்.

"நல்லாவே இல்லையே" என்றார், பழக்க தோஷத்தில்.

"கேம் நல்லாத்தான் இருக்கு. விளையாடுறவர்தான் சரியில்லை" என்றாள் மகள்.

முப்பது வருடத்தில் அவர் வேலையை யாரும் இப்படி முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமாம்மா?" என்று கெஞ்சினார்.