மேவிஸ் ஓல்ட்ராய்டும் என் மருமகனின் காலுறையும்

நடிகை மேவிஸ் ஓல்ட்ராய்டுக்கு, டாட் என்கிற நான் நாற்பத்தோரு வருஷமாக உடை மாட்டிவிடுகிறேன். அவள் ஹாலிஃபாக்ஸ் ஊர் பஸ் கண்டக்டரின் மகள். பத்தொன்பது வயதில், வாரம் ஒரு நாடகம் போடும் கம்பெனியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் கிடைத்ததெல்லாம் வேலைக்காரி, நர்ஸ், ஒரே ஒரு தடவை பிணம். பிணமாகக் கிடந்தபோது தும்மிவிட்டாள். இயக்குநர் தனியாகக் கூப்பிட்டு, "உன் மூஞ்சிக்குக் கதவு திறக்கிற வேஷம்தான் சரி" என்றார்.

"அப்ப நல்லாவே திறக்கிறேன்" என்றாளாம் இவள்.

பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில், ஆஸ்பத்திரியில் டீ விற்பவளாக இரண்டே வாரத்துக்குப் போனாள். பார்த்தவர்கள் விடவில்லை, பத்தொன்பது வருஷம் டீ ஊற்றினாள். சந்தையில் மீன்காரர் சட்டையைத் தூக்கி ஆபரேஷன் தழும்பைக் காட்டுவார். இவளும் குனிந்து பார்த்து, "தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்பாள். சினிமாவும் தேடி வந்தது. அத்தை, நீதிபதி, இரண்டு தடவை கொலைகாரி.

எழுபத்தெட்டாவது வயதில்தான் லண்டன் மேடையில் பெரிய வேஷம் கிடைத்தது. பண்ணை வீட்டைக் கட்டி ஆளும் ஒரு விதவை. இரண்டரை மணி நேரம் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

இயக்குநர் ரோட்ரி, வேல்ஸ்காரர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேவிஸ், காதுல ஒரு சின்னக் கருவி வச்சுக்கலாமா? வசனம் மறந்தா எடுத்துக் குடுப்பாங்க."

"என் காதுக்குள்ள செத்துப்போன புருஷனே இன்னும் பேசிட்டிருக்கார் கண்ணு. இன்னொருத்தருக்கு இடமில்ல."

பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து என்னிடம் வசனம் ஒப்பிப்பாள். மருமகளைத் திட்டும் இடம் வந்தபோது முன்சீட்டுக்காரி திரும்பி, "அவ்வளவு மோசமாவாம்மா நடந்துக்கிறா?" என்று கேட்டாள். மேவிஸ் பெருமூச்சு விட்டு, "தினம் ரெண்டரை மணி நேரம்" என்றாள்.

இரண்டாவது வாரம், புதன்கிழமை மதியக் காட்சி. நான் மேடையோரத் திரைக்குப் பின்னால் மருமகனுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். மகனாக நடிப்பவர், "வீட்ட வித்துடலாம்மா" என்றார். மேவிஸ் பேசவில்லை. அரங்கம் மூச்சடக்கிக் காத்திருந்தது. அவள் நிதானமாக எழுந்து, நேரே என்னிடம் நடந்து வந்தாள்.

"டாட், வீட்ட விக்கிறதுக்கு நான் என்னடி சொல்றேன்?"

நான் கிசுகிசுத்தேன்: "'நான் இன்னும் சாகல'ன்னு சொல்றே."

"அட, ஆமால்ல."

என் கையிலிருந்த காலுறையை ஊசியோடு பிடுங்கிக்கொண்டு போனாள். நூலுருண்டை அவள் பின்னாலேயே உருண்டது. நாற்காலியில் உட்கார்ந்து, மகனைப் பார்க்காமலே இரண்டு கண்ணி பின்னிவிட்டு, "நான் இன்னும் சாகல" என்றாள். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. நூலுருண்டை மேடையிலிருந்து கீழே விழுந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அதை எடுத்து, காட்சி முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் ரோட்ரி ஓடி வந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்தக் காலுறை நாளைக்கும் வேணும் டாட்" என்றார்.

மூன்று மாதம் தினமும் அது மேடை ஏறியது. மேவிஸுக்குப் பின்னவே தெரியாது. அவள் போடும் முடிச்சுகளைத் தினமும் காலையில் நான்தான் பிரித்தேன். என் மருமகன் அந்தக் குளிர்காலத்தை ஓட்டைக் காலுறையோடு கழித்தான். பத்திரிகைகளெல்லாம் அந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுதின. சிறந்த நடிகை விருது வாங்கியபோது, அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள்.

"வசனம் மறந்துபோச்சு. டாட்கிட்ட போய்க் கேட்டேன்" என்றாள் மேவிஸ். நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் நான் புது நீல உடுப்பில் காது சிவக்க உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவளுக்கு எண்பது. கார்ன்வால் கடற்கரையில் கடற்கொள்ளைக்காரனின் தாயாக ஒரு படம். நேற்று காலை கத்தி சுற்றிப் பழகியதில் நாங்கள் தங்கும் வண்டியின் விளக்கு உடைந்தது. "இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டு, மழையைப் பார்க்காமல் கத்தியோடு மணலுக்கு இறங்கிவிட்டாள். அவள் மேலங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன்.