ரோசம்மா டீச்சர் பார்த்த ஆவூர்ப் படம்

போன வாரம் என் மகன் என்னைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப்போனான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பென்சிலாலும் வாட்டர் கலராலும் வரைந்த படங்கள். குளுகுளுவென்று பெரிய கூடம். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாரும்மா" என்றான். நிற்கலாம்தான். கண்ணில் புரை விழுந்த பிறகு நின்று என்ன, உட்கார்ந்து என்ன? எல்லாம் மஞ்சள் மூட்டமாகத் தெரிந்தது. அதைவிட, அந்தக் கூடத்தில் ஒரு வாசனையும் இல்லாததுதான் எனக்குக் குறையாகப் பட்டது. படம் என்றால் எனக்குப் பாச்சை உருண்டை நெடி அடிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

யுத்த காலம் அது. நான் ஆலங்குடியில் பெண்பிள்ளைகள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாம்பழம், கூஜா, கிளி, இவற்றை வைத்தே வருஷத்தை ஓட்டிவிடுவேன். அச்சில் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டவள். அசல் வாட்டர் கலர் ஒன்றைக்கூட அதுவரை கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவளிடம், புதுக்கோட்டையில் பெரிய மனிதர் ஒருவர் தம் பங்களாவில் வைத்திருந்த சின்ன மியூசியத்தில் வெள்ளைக்காரர்களின் பழைய படங்கள் வந்திருக்கின்றன, திருமயம் கோட்டைகூட இருக்கிறது என்று யாரோ சொன்னால் எப்படி இருக்கும்? சோறு இறங்கவில்லை.

துணைக்கு ரோசம்மா டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கணக்கு டீச்சர், ஆவூர்க்காரர். "படத்தைப் பாக்குறதுக்கா பஸ் ஏறிப் போவாங்க?" என்று முதலில் சிரித்தார். ஆவூர் மாதா கோயிலையும் ஒரு துரை வரைந்திருக்கிறாராம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க ஊரையா? நல்லா விசாரிச்சியா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது பெட்ரோல் கிடையாது, கரி பஸ்தான். பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்துகொண்டே வரும். முதல் தடவை போனபோது அது பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது. கண்டக்டர் இறங்கி, அடுப்புக்குக் காற்று ஊதுகிற சக்கரத்தைச் சுற்று சுற்று என்று சுற்றினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பங்களா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை பஸ் ஒழுங்காகப் போனது, படம் மாட்டியிருந்த அறை பூட்டிக் கிடந்தது. மானேஜர் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் சாவியையும் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு போய்விட்டாராம். மறுபடி லீவு கேட்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் என் முகத்தையே பார்த்தார். "அப்படி என்ன படம்மா அது?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

கண்காட்சியின் கடைசி நாளில்தான் உள்ளே போக முடிந்தது. வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று சன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி. பாச்சை உருண்டை நெடியில் மூக்கு எரிந்தது. முதல் சுவரிலேயே திருமயம் கோட்டை. அதன் முன்னால் நான் நின்றுவிட்டேன். மேகத்துக்கு வெள்ளை வர்ணமே வைக்கவில்லை, வரைந்தவன் காகிதத்தை அப்படியே விட்டிருந்தான். பாறைக்கடியில் பென்சில் கோடு அழியாமல் தெரிந்தது. கோடு தெரியக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன் நான்! அடிவாரத்தில் மாடு மேய்க்கிற இரண்டு பேர். குனிந்து பார்த்தால் அவர்களுக்கு முகம் இல்லை. பழுப்பில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

ரோசம்மா டீச்சர் எதிலும் நிற்காமல் ஆவூரைத் தேடிக்கொண்டு கடைசிச் சுவர் வரைக்கும் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம். மானேஜர் ஓடிவந்தார்.

"கொஞ்சம் வெளியே இருங்கம்மா. பக்கத்து ஜில்லா கலெக்டரோட சம்சாரம், துரைசானி வந்திருக்காங்க. அஞ்சு நிமிசம்."

"நாங்க ஒரு ஓரமா நிக்கிறோம் சார். ஆலங்குடியிலேர்ந்து வந்திருக்கோம்."

"சொன்னாக் கேளுங்கம்மா. அங்கிட்டுப் போயி இருங்க."

வராந்தாவில் நின்றோம். அஞ்சு நிமிஷம் பொழுது சாய்கிற வரைக்கும் நீண்டது. கார் போனதும் உள்ளே நுழையப் போனால் மானேஜர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை வந்துட்டோம் சார். இன்னிக்கும் பூட்டுனா எப்படி?"

"என்னை என்னம்மா செய்யச் சொல்றீங்க? நாளைக்குப் பெட்டியில வச்சு அனுப்பணும். இதெல்லாம் லண்டன்ல புத்தகமா வருதாம், வாங்கிப் பாருங்க."

நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். நான் கேட்டுக்கு வந்தபோது அங்கிருந்த காவல்காரர் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் துரைசானியம்மாவே கேட்டுச்சுங்க, அந்த ரெண்டு பேரும் ஏன் பாதியில போயிட்டாங்கன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மானேஜர் சொல்லிட்டாரு." அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் அந்த மனிதர்.

பஸ்ஸில் ரோசம்மா டீச்சர் சொன்னார்: "பாத்துட்டேன். எங்க கோயிலேதான். வாசல்ல ஒரு பொம்பள வெள்ளச் சேலையில ஒக்காந்திருக்கா. யாரு வீட்டுப் பொம்பளையோ, என்னமோ. மொகத்தைப் பாக்குறதுக்குள்ள வெளியே போகச் சொல்லிட்டாரு."

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "முகம் இருந்திருக்காது டீச்சர். அவங்க நம்ம ஆளுகளுக்கு முகம் வைக்கிறதில்ல. ஒரு சொட்டு வர்ணந்தான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கோயிலுக்கு எத்தன சன்னல்னு எண்ணி வரையத் தெரியுது. மனுசிக்குக் கண்ணு மூக்கு வைக்கத் தெரியலையா?"

புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம் போனது, கரி பஸ் போனது. அந்தப் படங்கள் எங்கே போயின என்று வருஷக்கணக்காக விசாரித்தேன், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. ஒரு தடவை அந்தப் பங்களாவுக்கே போனேன். பெரியவர் காலமாகி, பேரன் இருந்தார். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பொறுமையாகத்தான் கேட்டார்.

"இங்க அப்படி ஒரு கண்காட்சி நடந்ததா எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையேங்க. ஆவூர்ப் படத்தை நீங்களே பாத்தீங்களா?"

"இல்ல. கூட வந்த டீச்சர் பாத்தாங்க."

"அப்ப அவுங்களை ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன், கேட்டுக்குவோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ரோசம்மா டீச்சரை ஆவூரில் அடக்கம் செய்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.