லைசென்ஸில் இரண்டாவது பெயர்

பெரியண்ணனின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது, உரிமையாளர் பெரியண்ணன். இரண்டாவது, அவருக்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற பணியாள் அப்துல் ஷுக்கூர். 1970-இல் எழுதிய நீல மை. இந்த இருவரைத் தவிர வேறு எவரும் அதைக் கையாளக் கூடாது என்று கீழே அச்சிட்டிருந்தது. ஷுக்கூர் அதை ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. ஊர் ஒகேனக்கல் சாலையில், காட்டை ஒட்டி இருந்தது. பெரியண்ணனின் பதினாறு ஏக்கரில் கடலையும் கேழ்வரகும் விளைந்தன. பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் அரை ஏக்கர் காலி.

துப்பாக்கி ஒற்றைக்குழல். வாரத்துக்கு ஒருமுறை குழலுக்குள் கம்பி விட்டுத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இடுவார். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். பெரியண்ணன் வயலுக்குப் போனால் நான்கடி பின்னால் நடப்பார். "ஷுக்கூரு" என்று அவர் சொன்னால்தான் தோட்டா போடுவார். "ம்" என்றால்தான் சுடுவார். பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான். மாரியம்மன் தேர் நகரும்போது ஒரு வெடி போடுவதும் அவர் வேலை.

"பாய் வெடிச்சாத்தான் ஆத்தா எந்திரிப்பா" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"நான் வெடிக்கலைன்னாலும் எந்திரிப்பாங்க. வடம் புடிக்கிற நீங்கதான் எந்திரிக்க மாட்டீங்க" என்பார்.

பதினைந்து வருடம் இப்படிப் போயிற்று. அவருடைய சொந்த வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலம் ஒழுகியது. பெருநாள் தொழுகைக்கு ஒவ்வொரு முறையும் தாமதமாகப் போனார். மனைவி வஹிதா ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

1985 ஆவணியில் பெரியண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சு மட்டும் தங்கியது. அதன்பின் வயலுக்குப் போனது மகன் குப்புராஜ். ஷுக்கூர் அவனுக்குப் பின்னால் நான்கடி தள்ளி நடந்தார்.

அந்த மார்கழியில் கேழ்வரகு அறுப்புக்கு நின்றது. ஒருநாள் விடிந்தும் பனி விலகவில்லை. வரப்பு ஓரம் பழுப்பாக ஏதோ அசைந்தது.

"குடுங்க பாய்" என்றான் குப்புராஜ்.

"வாணாம் தம்பி. வானத்தப் பாத்து ஒண்ணு போடறேன், ஓடிரும்."

"எங்கப்பன் துப்பாக்கிதானே? குடுங்க."

ஷுக்கூர் கொடுத்தார். அப்பனுக்குப் பின் மகன் என்பது அந்த வீட்டின் வழக்கம். லைசென்ஸ் புத்தகத்தின் வழக்கம் வேறு என்பது அந்த நொடியில் அவருக்கு உறைக்கவில்லை. பதினைந்து வருடத்தில் அவர் துப்பாக்கியை இன்னொருவர் கையில் தந்தது அந்த ஒருமுறைதான்.

வரப்பில் இருந்தது பன்றி அல்ல. பக்கத்து நிலத்துக்காரர் மாது என்பவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். இடது தொடையில் பதினொரு ரவைகள். எலும்பு உடைந்தது. உயிர் போகவில்லை.

குப்புராஜ் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். ஷுக்கூர் தன் துண்டால் தொடையைக் கட்டி, மாதுவைத் தோளில் போட்டுக்கொண்டு தார்ச்சாலை வரை நடந்து, தர்மபுரி போகும் லாரியை நிறுத்தினார்.

மதியம் திரும்பியபோது பெரியண்ணன் கட்டிலருகே அவர் மனைவி ராணியம்மாள் நின்றாள்.

"பாய், தையில அவனுக்குக் கல்யாணம். பத்திரிக்கை குடுத்தாச்சு. லைசென்ஸுல அவன் பேரு இல்ல, அவன் சுட்டான்னா ஜெயிலு. உங்க பேரு இருக்குது. கை தவறிப் போச்சுன்னு சொன்னா வெறும் அபராதம்னு வக்கீல் சொல்றாரு. நாங்க உட்டுருவமா உங்கள?"

ஷுக்கூர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார்.

"ஐயா சொல்லட்டுங்க."

பெரியண்ணன் கண்ணை மூடியிருந்தார். திறந்து ஷுக்கூரைப் பார்த்தார்.

"அத மட்டும் நான் சொல்ல மாட்டேன் ஷுக்கூரு. எங்கிட்ட கேக்காத."

செய் என்று சொன்னால் ஷுக்கூர் செய்திருப்பார். வேண்டாம் என்று சொன்னால் விட்டிருப்பார். இரண்டும் இல்லாமல் அவர் அங்கே நின்றார். யோசித்து முடிவெடுக்கும் வேலை அவருக்குப் பழக்கமில்லை. கால் வலித்தது. மாதுவின் ரத்தம் சட்டையில் காய்ந்து விறைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தார். சாப்பிடும்போது, பழியைத் தானே ஏற்கப் போவதாக வஹிதாவிடம் சொன்னார்.

"அவரே சொல்லல. நீங்க என்னத்துக்குப் போறீங்க?"

"குடுத்தது நானு."

"குடுத்ததச் சொல்லுங்க. சுட்டதா ஏன் சொல்லணும்?"

"குடுத்தேன்னு சொன்னா, யாருக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே! நம்ம வூட்லயும் படிக்கிற புள்ள இருக்குதுங்க. நாளைக்கு வேலைக்கு எழுதிப் போட்டா அப்பன் யாருன்னு கேக்க மாட்டாங்களா?"

ஷுக்கூர் எழுந்தார். தட்டை எடுத்துப் போய்த் தானே கழுவினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாதுவின் காலில் இரும்புக் கம்பி கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். ஷுக்கூர் கட்டில் ஓரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஷுக்கூர்தான் சுட்டார் என்று மாதுவும் சொல்ல வேண்டும் என்றார்.

மாது அவரையே பார்த்தார். "ஏன் பாய், எனக்குத் தொடையில பட்டுது. உனக்கு மண்டையில பட்டுச்சா?"

"மாது..."

"தூக்கிட்டு வந்தவனே சுட்டான்னு சொல்லச் சொல்றியே. எங்கம்மா குள்ளம்மாள் கேட்டா செருப்பெடுப்பா." வலியில் பல்லைக் கடித்தார். பிறகு குரல் தணிந்தது. "நீ சுட்டேன்னு என் வாயில வராது. பனியில ஆரும் தெரியலன்னு சொல்றேன். அவ்ளோதான் முடியும். போ."

அது போதுமானதாக இருந்தது. ஷுக்கூர் ஸ்டேஷனுக்குப் போய், தானே சுட்டதாக எழுதிக் கொடுத்தார். அபராதத்தோடு போகவில்லை. கவனக்குறைவால் கொடுங்காயம், பத்து மாதம். லைசென்ஸ் ரத்தானது. தையில் குப்புராஜின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

சேலம் ஜெயிலுக்கு வஹிதா மாதம் ஒருமுறை வந்தாள். வீட்டைக் காலி செய்து நல்லம்பள்ளியில் தன் தம்பி வீட்டோடு இருப்பதாகச் சொன்னாள். ஊரைப் பற்றி அவர் கேட்டால் தெரியாது என்பாள். அங்கிருந்து வேறு யாரும் வரவில்லை.

வெளியே வந்த அன்று, நல்லம்பள்ளியில் இறங்காமல் நேரே ஊருக்குப் போனார். பஸ் நின்ற இடத்தில், டீக்கடை பெஞ்சில், கோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு மாது இருந்தார்.

"வந்துட்டியா பாய்? உக்காரு. இளைச்சுட்ட."

"ஐயா எப்படி இருக்காரு?"

மாது டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லி அனுப்பலையா? புரட்டாசியிலயே போய்ட்டாரே."

அந்த வீட்டில் சாவு என்றால் உறவு வீடு ஒவ்வொன்றுக்கும் ஆள் போய் நேரில் சொல்ல வேண்டும். பெரியண்ணனின் தாய் இறந்தபோது பதினான்கு ஊருக்கு சைக்கிளில் போய்ச் சொன்னவர் ஷுக்கூர். கடிதம் போடுவது அவமரியாதை என்று பெரியண்ணனே சொல்வார். ஜெயிலுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

வீட்டு வாசலில் ராணியம்மாள் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தெனமும் கேட்டாரு பாய். ஷுக்கூரு வந்துட்டானா, ஷுக்கூரு வந்துட்டானான்னு. நாளைக்கு வந்துருவாருன்னு சொல்லிச் சொல்லியே..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாங்க."

"ஜெயிலுக்கு ஆரு வர்றது பாய்? மானம் போயிருமேன்னு நம்ம குப்புராஜ் வாணாம்னுட்டான்."

குப்புராஜ் உள்ளிருந்து வந்தான். மீசை வைத்திருந்தான். ஷுக்கூரின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தான்.

"நம்ம தோட்டத்துலயே இருந்துக்குங்க பாய். புது மோட்டார் போட்டுருக்கு. அதப் பாத்துக்கிட்டாப் போதும். சும்மா உக்காந்துக்கிட்டே."

ஷுக்கூர் அவனை நிமிர்ந்து பார்த்தார். தம்பி என்று கூப்பிட்டுத் தூக்கித் திரிந்த முகம்தான். கோபம் வரும் என்று பஸ்ஸில் பயந்துகொண்டே வந்திருந்தார். வரவில்லை. முதுகிலும் முழங்காலிலும் ஒரு கனம் மட்டும் இருந்தது.

"முடியலீங்க தம்பி" என்றார். "அசதியா இருக்குது."

ராணியம்மாள் மோர் கொண்டுவரப் போனாள். அவள் திரும்புவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

நல்லம்பள்ளி வந்து சேர்ந்ததும், வஹிதா எதுவும் கேட்காமல் பாயை விரித்தாள். இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் அதியமான்கோட்டையில் ஒரு லாரி ஷெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார். வாட்ச்மேன் வேலைதான் கேட்டார். வழக்கு இருந்த ஆளுக்கு அதைத் தரவில்லை. யார் சுட்டது என்று அங்கே கேட்டவர்களிடமும் நான்தான் என்றே சொன்னார். இரண்டரை வருடம் கழித்து, மூட்டையோடு படியில் சரிந்து இறந்த நாள் வரை வேறு எதுவும் சொல்லவில்லை.