மூன்றாவது மன்னிப்புக் கடிதம்

எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மின்னலக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டியவள். நாற்பத்து நான்கு வயதில் வார்டு உதவியாளர் வேலைக்கு ஆசைப்பட்டாள். அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு. வயது வரம்பு நாற்பத்தைந்து. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குத் தூக்கம் வரும். அதனால் விளையாட்டாகப் படித்தாள். ஈர மாப்பின் நுனியால் தரையில் ஒரு சொல் எழுதுவாள். அது காய்வதற்குள், கால் உடைந்து படுத்திருக்கும் லாரி டிரைவர் பிழை கண்டுபிடிக்க வேண்டும். பிழை இல்லையென்றால், அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றை அவர் சொல்ல வேண்டும். தகராறு வந்தால் நர்ஸம்மா தீர்ப்பு. வாளியோடு நின்று வேடிக்கை பார்த்த எனக்கே பொறாமையாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் அக்கா தரையில் எழுதுவதைச் சூப்பர்வைசர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம். நம் மன்னிப்புக் கடிதத்தை அவரே எழுதிவிடுவார். கையெழுத்து மட்டும் நம்முடையது. என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அக்காவின் ஃபைலில் ஏற்கெனவே இரண்டு. மூன்றாவது சேர்ந்தால், ஃபைலைப் பார்க்கும் தலைமை டாக்டர் மேடம் தேர்வு எழுத விடமாட்டார்.

"போடும்மா," என்று தாளைத் தள்ளினார்.

அக்கா உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வேலை நேரத்துல தூங்கினேன்னு இருக்கே சார். நான் எங்க தூங்கினேன்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் எழுதறது. போட்டுட்டுப் போ."

"வேணாம் சார். நானே எழுதறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வெற்றுத்தாளைக் கொடுத்தார். நாலு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இருக்கிற வேலைக்கும் உலை வைத்துக்கொள்கிறாளே, பாவி, என்று மனதுக்குள் திட்டினேன்.

'வார்டைத் துடைத்து முடித்த பிரகு தரையில் எழுதிப் பளகினேன். தூங்கவில்லை. எந்த வேலையும் பாக்கி வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை.'

அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டார். "ரெண்டு தப்பு. நீயெல்லாம் பரீட்சை எழுதப் போறியாக்கும்."

"ரெண்டுதானா சார்? திருத்தித் தரேன். இதையே மேடத்துக்கு அனுப்பிடுங்க."

அவர் முகம் செத்துவிட்டது. இதை மேலே அனுப்பினால், மற்ற கடிதங்களெல்லாம் ஒரே மாதிரி எழுத்தில் இருக்கின்றனவே, அவை யார் எழுதியவை என்று மேடம் கேட்பார். தான் எழுதியதைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. போ."

வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"வாயால பேசியிருந்தா அழுதிருப்பேன்டி," என்றாள். "எழுதப் போய்த்தான் முழுசாச் சொல்ல முடிஞ்சுது."