நடுவில் வரும் கதை வேண்டாம் என்றாள் அம்மன்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு வருஷம் தோற்றேன். இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது ஆங்கில இலக்கணப் பகுதி. இந்த முறையும் சீட் கிடைக்கவில்லையென்றால் தடா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடு என்று நைனா, என் அப்பா, சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு நிலம் வந்ததே அவர் காலத்தில்தான். எல்லைத் தகராறுக்காக மண்டல தாசில்தார் ஆபீஸ் வாசலில் அவர் கைகட்டி நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு வக்கீல் ஆசையே வந்தது. அது போய்விடும் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போய் கோச்சிங் படித்தேன். நாலு விடையையும் மனசுக்குள் சொல்லிப் பார், காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைக் குறி என்பார் சார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. என் காதுக்கு நாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கடைசியில் அவர், “நீக்கு ராதம்மா, ஒதிலெய்” என்றார். உனக்கு வராது, விட்டுவிடு என்று அர்த்தம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் எங்கள் ஊர் கங்கையம்மன் திருவிழாவுக்கு, ஜாத்திரைக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஜாத்திரையில் அம்மனைத் திட்டுவதும் ஒரு வேண்டுதல்தான். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா மேல் அம்மன் வந்திருந்தாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் நின்றபடியே திட்டினேன். சார் சொன்னது, நைனா சொன்னது, கூடப் படித்தவள் பாஸானது எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மன் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“நடுவுல வர்ற கத வாணாம்டி. யாரு? இன்னா பண்ணணும்? அத்த மட்டும் சொல்லு.”

“நான். பாஸ் பண்ணணும்.”

வேப்பிலையால் தலையில் ஒரு அடி விழுந்தது. வாக்கு எதுவும் தரவில்லை. கடுப்போடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மாதிரி வினாத்தாளை எடுத்தேன். சாவிகள் இருந்த ஒரு பெட்டி காணாமல் போனது என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் பெட்டி முன்னால் நிற்கும், சாவிகள் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். நான் எப்போதும் அந்தச் சாவிகளைப் பார்த்துப் பன்மையைக் குறித்துவிடுவேன். அன்று அம்மன் குரல் நினைவுக்கு வந்தது. சாவிகளைக் கட்டைவிரலால் மறைத்தேன். யார்? பெட்டி. என்ன ஆனது? போனது. ஒருமையைக் குறித்தேன், விடை சரி. அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு காதை நம்பவில்லை. வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் நடுக்கதையை மறைத்துவிட்டு, யார், என்ன என்று கேட்பேன். பொருந்தாத விடைகளை முதலில் தள்ளுவேன். இரண்டு தடவை படித்தும் பிடிபடாததை விட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வருவேன். தேர்வு மையத்தில் கம்ப்யூட்டர் திரையைத் தொடாதே என்று அதட்டினார்கள். ரஃப் பேப்பரின் ஓரத்தால் மறைத்தேன்.

சீட் கிடைத்தது. இப்போது திருப்பதியில் சட்டம் படிக்கிறேன். போன மாதம் நைனாவோடு மண்டல ஆபீசுக்குள் போனேன். நிலத்தை அளந்தது யார், என்ன எழுதினார் என்று இரண்டே கேள்விதான் கேட்டேன். நைனா என் பக்கத்தில் கைகட்டாமல் நின்றார். அம்மா கங்கம்மா, இது நீ கொடுத்தது.

இந்த வருஷ ஜாத்திரையில் நன்றி மிகுந்து, திட்ட வாய் வராமல் கைகூப்பி நின்றேன். அக்கா மேல் வந்திருந்த அம்மன் என்னைப் பார்த்து, “இன்னாடி, ஊமையாட்டம் நிக்கிற? திட்டு” என்றாள்.

திட்டினேன். உனக்கு வராது என்று யாராவது சொல்லியிருந்தால் நீங்களும் வாருங்கள். வந்து தைரியமாகத் திட்டுங்கள். கதையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.